கடாரத்தில் உட்கார்ந்துகொண்டு ஹன்னிபால் எதற்கு?

அன்புள்ள ஐயா,

பழங்காலப் போர்களை மேசையில் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் உங்கள் வெள்ளிக்கிழமைக் குழுவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ரசித்துப் படித்தேன், எரிச்சலும் வந்தது. நீங்கள் இருப்பது மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங். பூஜாங் பள்ளத்தாக்கு பக்கத்திலேயே இருக்கிறது. ராஜேந்திர சோழன் வென்ற கடாரத்தில் உட்கார்ந்துகொண்டு ரோமாபுரி, கார்த்தேஜ், மாசிடோனியா என்று வெள்ளைக்காரன் எழுதிய விதிப்புத்தகத்தை வைத்து ஆடுகிறீர்களே, நம் ராஜாக்கள் போர் செய்யவே இல்லையா? இன்னொன்று, என் மகனுக்குப் பதினான்கு வயது. இதெல்லாம் கணினியில் இன்னும் நன்றாக இருக்கிறது என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? கடைசியாக, திட்டிக்கொண்டே கேட்கிறேன், இதை ஆரம்பிக்க எவ்வளவு செலவாகும்?

க., கிள்ளான்

*

அன்புள்ள க.,

திட்டிக்கொண்டே விலை கேட்டீர்கள் பாருங்கள், அந்த இடத்தில் நீங்கள் எங்கள் ஆள் ஆகிவிட்டீர்கள்.

முதலில் வெள்ளைக்காரன் விஷயத்தை முடித்துவிடுகிறேன். நாங்கள் பெரும்பாலும் ஆடுவது டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாட்டிஸ், டிபிஏ என்று சுருக்கிச் சொல்லப்படும் விதிமுறை, 1990-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் படைப் பட்டியலில் தமிழர் படையும் இருக்கிறது, சிங்களப் படையோடு சேர்த்து. எங்களிடம் அந்தப் படை உண்டு. யானைகளுக்கு வர்ணம் அடித்தவர் எங்கள் வாத்தியார். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்குக்கு முன்னால் பொம்மையைப் பிடித்துக்கொண்டு பாகனின் தலைப்பாகைக்குக் கரை போட்டார், விரல் நகத்தைவிடச் சின்னத் தலைப்பாகை அது. ஆகவே எங்கள் மேசையில் தமிழ்ப் படைக்கு இடமில்லை என்று நினைக்க வேண்டாம். மாசிடோனியரோடு மோதியிருக்கிறது, கார்த்தேஜோடு மோதியிருக்கிறது, நடந்திருக்கவே முடியாத போர்களில் ஜெயித்தும் இருக்கிறது.

ஆனால் நீங்கள் கேட்பது அதுவல்ல என்று புரிகிறது. நடந்த போரை, நம் போரை ஏன் ஆடுவதில்லை என்கிறீர்கள். சரி, கடாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1025-ஐ ஒட்டி நடந்த படையெடுப்பு. மெய்க்கீர்த்தி என்ன சொல்கிறது? கடலில் பல கலங்களைச் செலுத்தியதைச் சொல்கிறது, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டதைச் சொல்கிறது, அவனுடைய யானைகளும் நகர வாயிலில் இருந்த வித்யாதர தோரணமும் கைப்பற்றப்பட்டதைச் சொல்கிறது, அப்புறம் ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம் என்று வென்ற ஊர்களை வரிசையாக அடுக்குகிறது. கேட்கப் பெருமையாக இருக்கிறது. இதை மேசையில் வைத்து ஆட வேண்டுமென்றால் எனக்கு வேறு சில விவரம் வேண்டும். எத்தனை கலம்? எங்கே இறங்கினார்கள்? வில்லாளிகள் எங்கே நின்றார்கள், எதிரி கரையிலேயே மறித்தானா, கோட்டைக்குள் போய்விட்டானா? மெய்க்கீர்த்தி இதையெல்லாம் சொல்லவில்லை, சொல்வது அதன் வேலையும் இல்லை. அது அரசனின் புகழைச் சொல்ல வெட்டப்பட்ட கல். முக்கால்வாசியை நாமே இட்டுக்கட்டி, ஜெயிக்கும்படி அமைத்து, கடைசியில் ஜெயித்துவிட்டோம் என்று கைதட்டிக்கொள்ளலாம். அதற்குப் பகடை எதற்கு?

படைகளின் பெயர்கள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வேளைக்காரர், வில்லிகள், குதிரைச்சேவகர், ஆனையாட்கள் என்று படைப்பிரிவுகளே வருகின்றன. படித்தால் புல்லரிக்கும். ஆனால் அவை அங்கே வருவது பெரும்பாலும் கோயில் கணக்கை ஒட்டி, பணம் பெற்றுக்கொண்டவர்களாக. களத்தில் எத்தனை வரிசை ஆழத்தில் நின்றார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.

இப்போது அந்தப் பக்கம் பாருங்கள். பாலிபியஸ் என்ற கிரேக்கர், கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்காரர், கி.மு. 216-இல் நடந்த கன்னே போரைப் பற்றி எழுதும்போது ரோமாபுரிக்கு 80,000 காலாள், 6,000 குதிரை, கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலுக்கு 40,000-க்குக் கொஞ்சம் மேல் காலாள், 10,000 குதிரை என்கிறார். எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை, நம்பாத அறிஞர்களும் உண்டு. ஆனால் ரோமர்கள் வழக்கத்தைவிட நெருக்கி, முகப்பைக் குறைத்து, ஆழத்தைக் கூட்டி நின்றார்கள் என்கிறார் இல்லையா, அந்த ஒரு வரி போதும், மேசையில் பொம்மையை வைத்துவிடலாம். இன்னோர் இடத்தில் மாசிடோனிய ஈட்டி வரிசையை விளக்குகிறார். ஒரு ஆளுக்கு மூன்றடி இடம். ஈட்டி அவ்வளவு நீளம், ஐந்தாவது வரிசைக்காரனின் ஈட்டி முனைகூட முதல் ஆளைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ரோமானியன் வாள் வீச இரண்டு மடங்கு இடம் எடுத்துக்கொள்கிறான். ஆக ஒரு ரோமானியனுக்கு எதிரே இரண்டு ஆள், பத்து ஈட்டி முனை. போரைக் கணக்குப் போட்டுக் காட்டிய மனிதர் இவர். எங்களைப் போன்ற மேசைத் தளபதிகளுக்கு வேண்டியது இதுதான். ரோமாபுரி மேல் எனக்கு எந்தப் பாசமும் கிடையாது. அவர்கள் தோற்றதைக்கூட விவரமாக எழுதி வைத்தார்கள், அதனால்தான் அவர்களை ஆடுகிறோம்.

விதிமுறை எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால் இது இன்னும் புரியும். ஒவ்வொரு பக்கமும் பன்னிரண்டு பேஸ். பேஸ் என்பது 40 மில்லிமீட்டர் அகலமான ஒரு துண்டு, அதன்மேல் இரண்டு மூன்று நான்கு 15 மில்லிமீட்டர் பொம்மைகள். உங்கள் முறை வந்ததும் ஒரு பகடை போடுகிறீர்கள். விழுந்த எண் எவ்வளவோ அத்தனை கட்டளைதான் தர முடியும். ஆறு விழுந்தால் ராஜா நீங்கள். ஒன்று விழுந்தால் ஒரே ஒரு பேஸையோ, ஒட்டி நிற்கும் ஒரு கூட்டத்தையோ மட்டும்தான் நகர்த்தலாம், மற்றவர்கள் நின்ற இடத்தில் நிற்பார்கள். மோதும்போது இரண்டு பேரும் பகடை போட்டு, படையின் பலத்தைக் கூட்டுவோம். வாள்படைக்குக் காலாளுக்கு எதிரே 5, குதிரைக்கு எதிரே 3. குறைந்தவன் பின்வாங்குவான், எதிரியின் எண்ணில் பாதியோ அதற்கும் கீழோ போனவன் ஒழிந்தான். எதிரியைவிட அதிகமாக இழந்து, இழப்பு நான்கு பேஸை எட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நடுவில் யாரும் சண்டை பிடிக்காவிட்டால்.

சண்டை பிடிப்பார்கள்.

போன மாதம் ராஃபியா ஆடினோம். கி.மு. 217, காஸா பக்கம், எகிப்தின் நான்காம் தாலமியும் சிரியாவின் மூன்றாம் அந்தியோக்கஸும். தாலமியிடம் 73 ஆப்பிரிக்க யானை, அந்தியோக்கஸிடம் 102 இந்திய யானை. நம்ம ஊர் யானைகளின் வாடையும் பிளிறலும் தாங்காமல் ஆப்பிரிக்க யானைகள் திரும்பி ஓடின என்று பாலிபியஸ் எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு வாத்தியார் அந்தியோக்கஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். அவருக்கு எதிராக ஆடியவர் டயர் கடை வைத்திருக்கும் எங்கள் சீன நண்பர். வாத்தியார் வலது பக்கக் குதிரையை ஓட்டினார் பாருங்கள், எதிரியின் குதிரை சிதறியது, துரத்தினார், இன்னும் துரத்தினார், மேசை விளிம்புவரை போய்விட்டார். அங்கே நடுவில் ஈட்டிக்காரர்கள் திணறிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த பகடையில் ஒன்று. நடுப்படைக்கு முட்டுக்கொடுப்பதா, குதிரையைத் திருப்புவதா? ஒரே ஒரு கட்டளைதான். வாத்தியார் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு குதிரைக்கும் நடுப்படைக்கும் இடையில் அளந்தார், திரும்ப அளந்தார். தூரம் குறையவில்லை. "போடுங்க சார், மணியாச்சு" என்றார் டயர் கடைக்காரர், மலாயில்தான் சொன்னார், மேசையில் எங்கள் பொதுமொழி அதுதான்.

நிஜத்தில் அந்தியோக்கஸுக்கு நடந்ததும் அச்சு அசல் இதுவே. யானைச் சண்டையில் ஜெயித்தார், தன் பக்கக் குதிரைச் சண்டையில் ஜெயித்தார், துரத்திக்கொண்டே போனார், அதற்குள் நடுவில் தாலமியின் ஈட்டி வரிசை முன்னேறி எல்லாம் முடிந்தது. புத்தகத்தில் படிக்கும்போது அந்தியோக்கஸ் ஒரு மடையன் என்று தோன்றும். மேசையில் ஆடிப் பார்த்தால், ஜெயித்துக்கொண்டிருக்கும் குதிரையை நிறுத்த எந்தத் தளபதிக்கும் மனசு வராது என்பது விளங்கிவிடுகிறது. தன்னுடைய இந்திய யானைகள் கடைசிவரை திரும்பாமல் நின்றன என்று வாத்தியார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார், அது வேறு கதை.

சரி, நம் ராஜாக்களுக்கு வருகிறேன். முழுக் கதவும் மூடியில்லை. வெண்ணிப் போரை ஒரு முறை முயன்றோம். கரிகாலனும் சேரன் பெருஞ்சேரலாதனும். சங்கப்பாட்டில் நமக்குக் கிடைப்பது ஒரு புண்தான்: சேரன் முதுகில் காயம் பட்டு, அந்த வெட்கத்தில் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் இருந்து, உயிர்விட்டான். எண்ணிக்கை இல்லை, அணிவகுப்பு இல்லை. ஆனால் முன்னால் நின்று போர் செய்யும் ஒரு அரசனுக்கு முதுகில் எப்படிக் காயம் படும்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். பக்கவாட்டில் சோழக் குதிரை சுற்றி வந்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். மார்பில் பாய்ந்த வேல் முதுகில் வெளியே வந்தது என்று படித்திருக்கிறேன் என்றார் வாத்தியார். யானை மிரண்டு திரும்பியிருக்கும், அந்த நேரத்தில் பட்டிருக்கும் என்றாள் எங்கள் குழுவின் ஒரே பெண், மருந்தகத்தில் வேலை செய்கிற தங்கச்சி. மூன்று பதிலுக்கும் மூன்று விதமாகப் படையை நிறுத்தி ஆடினோம். எது உண்மை என்று பகடை சொல்லாது. ஆனால் அந்தப் பாட்டை இத்தனை தடவை நான் படித்திருந்தும் அந்தக் களத்தில் யார் எங்கே நின்றார்கள் என்று அதற்கு முன் யோசித்ததே இல்லை. மேடையில் கரிகாலனைப் பற்றி முழங்குகிறவர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள் என்பதும் எனக்குச் சந்தேகம்தான். நீங்கள் கேட்ட "நம் போர்" இப்படித்தான் எங்கள் மேசைக்கு வருகிறது, ஊகத்தை ஊகம் என்று சொல்லிக்கொண்டு. கடாரத்தையும் ஒரு நாள் இப்படிச் செய்யலாம். தங்கச்சிக்கு ஆசை இருக்கிறது, கரையிறங்கும் விதிகளை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மகன் விஷயம். கணினியில் நன்றாக இருக்கிறது என்று அவன் சொல்வது சரி. ஆயிரம் பேர் ஓடுவதும் தூசி பறப்பதும் மேசையில் கிடையாது. ஆனால் கணினியில் தோற்றால் ஏன் தோற்றோம் என்பது உள்ளே எங்கேயோ ஒளிந்துகொள்கிறது. இங்கே எல்லாக் கூட்டலும் கழித்தலும் நம் வாயால் சொல்லித்தான் நடக்கும். அப்புறம், எதிரே உட்கார்ந்திருப்பது ஒரு ஆள். வருஷக்கணக்காக ஒரே ஆட்களோடு ஆடுவதில் ஒரு ருசி இருக்கிறது. டயர் கடைக்காரர் எப்போதும் இடது பக்கத்தில் பலத்தைக் குவிப்பார். அது அவருக்கும் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பதும் தெரியும், அதனால் சில வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே வலது பக்கம் குவிப்பார். தங்கச்சி தளபதியைக் கடைசிவரை பின்னால் பத்திரமாக வைத்திருப்பாள். என் பலவீனத்தை இங்கே எழுத மாட்டேன், அவர்கள் இதைப் படிக்கிறார்கள். புது ஆளிடம் நீங்கள் விதியோடுதான் ஆடுகிறீர்கள், பழகிய ஆளிடம்தான் ஆளோடு ஆடுகிறீர்கள்.

வெள்ளிக்கிழமை ஏன் என்று கிள்ளான்காரருக்கு விளங்காது. கெடாவில் வெள்ளி, சனிதான் வாரவிடுமுறை. சனிக்கிழமை ஆளுக்கொரு கல்யாணம், கோயில் கூட்டம், தோட்டத்தில் யாருக்காவது பதினாறாம் நாள். அதனால் வெள்ளி ராத்திரி, தாமான் குடியிருப்பில் என் வீட்டு முன்கூடத்தில், காரை வெளியே நிறுத்திவிட்டு.

செலவுக்கு வருவோம், அதற்குத்தானே இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தீர்கள். ஆரம்பிக்க ஒரு ரிங்கிட்கூட வேண்டாம். பழைய அட்டைப்பெட்டியை 40 மில்லிமீட்டர் அகலத் துண்டுகளாக வெட்டி, பக்கத்துக்குப் பன்னிரண்டு, மேலே யானை, வாள், ஈட்டி, குதிரை என்று எழுதுங்கள். அறுபது சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு பச்சைத் துணி. மலைக்கு மடித்த துண்டை அடியில் வையுங்கள். இரண்டு பகடை, ஒரு ஸ்கேல். நான்கைந்து ஆட்டம் ஆடிப் பார்த்து, பிடித்திருந்தால் மட்டும் பொம்மைக்குப் போங்கள். ஒரு படைக்கு நாற்பது ஐம்பது பொம்மை தேவைப்படும். ஈயக்கலவைப் பொம்மைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு பொம்மை விலையோடு போட்டி போடும். முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கும் பையன்கள் இப்போது கிள்ளான் பக்கமும் இருப்பார்கள், விசாரியுங்கள். அடியில் அட்டையை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு ஒரு மழைக்காலத்திலேயே அப்பளம் மாதிரி வளைந்துவிடும், பொம்மை நிற்காது. காந்தத் தகட்டை வெட்டி ஒட்டி, தகர பிஸ்கட் டின்னில் வையுங்கள், காரில் கொண்டுபோனாலும் கவிழாது.

முதல் ஆட்டத்துக்கு கன்னேயை எடுங்கள். ஹன்னிபாலை மகனிடம் கொடுத்துவிட்டு ரோமாபுரியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவன் குதிரை இரண்டு பக்கமும் சுற்றி வரும்போது உங்கள் பகடையில் என்ன விழுந்தது என்று எழுதுங்கள். பீடோங் பக்கம் வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வாருங்கள், வாத்தியார் யானையை உங்களிடம் தர மாட்டார், மற்றதெல்லாம் கிடைக்கும்.

அன்புடன்.