எல்-1இல் அமெரிக்கா போகிறவரின் குடும்பத்துக்கு எல்-2: கேள்வி பதில்

கம்பெனிக்குள்ளேயே மாற்றலாகி அமெரிக்கா போகிறவருக்கு எல்-1 விசா. கூடப் போகும் கணவன் அல்லது மனைவிக்கும், 21 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளுக்கும் எல்-2. வந்திருப்பவை பெரும்பாலும் சென்னையில் ஸ்டாம்பிங் (நேர்காணலுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டில் விசா வாங்குவது) போகிறவர்களின் கேள்விகள்.

பாஸ்போர்ட்டில் என் சர்நேம் காலி. கிவன் நேமில் மட்டும்தான் பெயர் இருக்கிறது. டிஎஸ்-160 விசா விண்ணப்பத்தில் அப்பா பெயரைப் போடவா, கணவர் பெயரைப் போடவா மேடம்? (ஈரோடு)

இரண்டும் வேண்டாம். பாஸ்போர்ட்டில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் உங்கள் பெயர். கிவன் நேமில் உள்ளதை அப்படியே சர்நேம் கட்டத்தில் எழுதுங்கள். கிவன் நேம் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று போடுங்கள், முதல் பெயர் இல்லாதவர்களுக்கு அமெரிக்க விசா அலுவலகம் வைத்திருக்கும் சுருக்கம் அது. விசாவிலும் அப்படியே வரும்.

விசாவுக்கு இதனால் பாதகமில்லை. தொல்லை போன பிறகுதான். லைசென்ஸ், பேங்க், பிள்ளையின் பள்ளிப் பதிவு என்று எல்லாவற்றிலும் எஃப்.என்.யூ.தான் முதல் பெயராக ஏறிக்கொள்ளும். கையில் நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூவுக்குக் கொடுத்து, இனிஷியலை விரித்துச் சர்நேமைத் தனியாகப் பிரித்துவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். ஆனால் எல்-1 ஆளுக்காகக் கம்பெனி அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குப் போடும் பெட்டிஷன் ஏற்கெனவே போயிருந்தால், கம்பெனி வக்கீலைக் கேட்காமல் அவர் பாஸ்போர்ட்டில் கை வைக்க வேண்டாம். ஒரே குடும்பத்தில் ஆளுக்கொரு சர்நேம் இருப்பது ஒரு குறையே இல்லை. உறவைச் சொல்வது சான்றிதழ்.

கோயிலில் கல்யாணம். ரசீது, பத்திரிகை, ஆல்பம் இருக்கிறது. போதாதா? (கும்பகோணம்)

போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த திருமணச் சான்றிதழ்தான் அடிப்படை ஆவணம், மற்றவை துணைக்கு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். சான்றிதழில் உள்ள பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று கவுன்டரிலேயே பார்த்துவிடுங்கள். வெளியே வந்த பிறகு திருத்துவது பெரிய அலைச்சல். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும், அது சரியானது என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட குறிப்பும் சேர்த்து வையுங்கள்.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பதிவானபோது குழந்தையின் பெயர் இல்லாமலே பதிவாகியிருக்கும். பலர் ஸ்டாம்பிங் வரும்போதுதான் கவனிக்கிறார்கள். பதிவாகி 12 மாதத்துக்குள் என்றால் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பிறப்பு எங்கே பதிவானதோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்.

நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஃபார்ம் போதுமா? கட்டணம் எவ்வளவு? (ஓசூர்)

டிஎஸ்-160 ஆளுக்கொன்று, கைக்குழந்தைக்கும்கூட. கட்டணமும் ஆளுக்கு 205 டாலர். விசா கிடைக்காவிட்டால் திரும்ப வராது. பிளாங்கெட் பெட்டிஷனில் (பல ஊழியர்களுக்கும் சேர்த்துக் கம்பெனி முன்கூட்டியே வாங்கிய பொது ஒப்புதல்) போகிறவருக்கு மட்டும் 500 டாலர் மோசடித் தடுப்புக் கட்டணம் தனியாக உண்டு. டிபெண்டன்டுகளுக்கு அது கிடையாது. ஏஜென்ட் அவர்கள் பேரிலும் கேட்டால் கொடுக்காதீர்கள். போட்டோ 2க்கு 2 அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி கூடாது. செப்டம்பர் 2025 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் பொதுவாக நேர்காணல் உண்டு. அதனால் ஸ்லாட் எடுக்கும்போதே அவர்களையும் சேர்த்துவிடுங்கள்.

நான் முதலில் போய் வீடு பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மனைவியைக் கூட்டிக்கொள்ளலாமா சார்? (மதுரை)

தாராளமாக. அவர் உங்களுக்கு முன்னால் போய் இறங்க முடியாது, அவ்வளவுதான். தனியாக ஸ்டாம்பிங் போகும்போது உங்கள் எல்-1 விசாப் பக்கத்தின் நகல், ஐ-797 என்ற பெட்டிஷன் ஒப்புதல் அறிவிப்பு (பிளாங்கெட் என்றால் ஐ-129எஸ் படிவமும்), நீங்கள் அங்கே நுழைந்ததற்கான பதிவான ஐ-94, அங்கே வாங்கிய சம்பள ரசீதுகள், கம்பெனிக் கடிதம் ஆகியவை அவர் கையில் இருக்கட்டும். உங்களுக்கு என்ன வேலை, எந்த ஊர் என்று அவரைக் கேட்பார்கள். கடிதத்தில் இருப்பதும் அவர் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எல்-2இல் மனைவி வேலை பார்க்க இஏடி என்ற வேலை அனுமதி அட்டை வேண்டுமா? (சென்னை)

இப்போது வேண்டாம். நவம்பர் 2021 முதல் எல்-2 துணைக்கு வேலை உரிமை அந்த அந்தஸ்தோடு தானாகவே வருகிறது. அதற்கு அத்தாட்சி ஐ-94இல் ‘எல்-2எஸ்’ என்று இருப்பது. அதைக் காட்டியே சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் வாங்கலாம். பிள்ளைகளுக்கு ‘எல்-2ஒய்’ என்று வரும். பள்ளி, கல்லூரியில் படிக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. மனைவியின் ஐ-94இல் வெறும் ‘எல்-2’ என்று விழுந்திருந்தால், அருகிலுள்ள சிபிபி (அமெரிக்கச் சுங்க, எல்லைத் துறை) டெஃபர்ட் இன்ஸ்பெக்ஷன் அலுவலகத்தில் திருத்தக் கேளுங்கள்.

விசா 2029 வரை இருக்கிறது. ஆனால் மகளின் ஐ-94 மட்டும் அடுத்த ஆண்டே முடிகிறது. தவறாகப் போட்டுவிட்டார்களா? (இப்போது டல்லாஸ்)

தவறில்லை. மகளின் பாஸ்போர்ட் அடுத்த ஆண்டு காலாவதியாகிறதா என்று பாருங்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்குத்தான் வருகிறது. பாஸ்போர்ட் முடியும் நாளோடு ஐ-94ஐயும் நிறுத்திவிடுவது வழக்கம். எவ்வளவு நாள் தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94. விசாவின் தேதி உள்ளே வருவதற்கு மட்டும்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் அந்தஸ்தை இழப்பவர்கள்தான் அதிகம். அதனால் ஒவ்வொரு முறை இறங்கியதும் ஒவ்வொருவருடைய ஐ-94ஐயும் தனித்தனியாக இணையத்தில் இறக்கித் தேதி பாருங்கள்.

சரிசெய்ய இரண்டு வழி. ஐ-94 முடிவதற்கு முன்பே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, ஒருமுறை இந்தியா போய்வருவது. பழைய பாஸ்போர்ட்டில் விசா, புதிய பாஸ்போர்ட், இரண்டையும் காட்டினால் நீண்ட தேதி கிடைக்கும். போக முடியாவிட்டால் தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் ஐ-539 விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யுங்கள். இணையத்தில் 420 டாலர், காகிதத்தில் 470. கூடுதல் ஆளுக்கு ஐ-539ஏ இணைத்தால் தனிக் கட்டணம் இல்லை. உங்கள் எல்-1ஐ கம்பெனி நீட்டித்தால் குடும்பத்தினுடையதும் தானே நீளும் என்று இருந்துவிடாதீர்கள். மனைவி வேலையில் இருந்தால் இன்னும் கவனம்: ஐ-539 நிலுவையில் இருக்கும்போது தங்கலாம், ஆனால் பழைய ஐ-94 முடிந்த நாளோடு வேலை உரிமை நின்றுவிடும்.

அம்மாவையும் டிபெண்டன்டாகச் சேர்க்கலாமா? (திருநெல்வேலி)

முடியாது. பி-2 சுற்றுலா விசாதான்.

மகனுக்கு 20 வயது. (பெங்களூரு)

21ஆவது பிறந்தநாளோடு எல்-2 முடியும், ஐ-94 அதற்கு மேல் தேதி காட்டினாலும். அங்கேயே படிப்பதென்றால் அதற்கு முன்பே எஃப்-1 மாணவர் வகைக்கு மாற விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். கல்லூரியிலிருந்து ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம் வாங்க நாளாகும் என்பதால் ஆறேழு மாதம் முன்பே தொடங்குங்கள்.

கணவருக்கு வேலை போய்விட்டால் நாங்கள் உடனே கிளம்ப வேண்டுமா? (கோவை)

வேலை நின்ற நாளிலிருந்து 60 நாள் வரை அவருக்கு அவகாசம் உண்டு. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதே 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி அவருக்கு எச்-1பி வேலை விசா போன்ற பெட்டிஷன் போடலாம், அல்லது நீங்கள் வேறு விசா வகைக்கு மாற விண்ணப்பிக்கலாம். எல்-1ஐ சம்பந்தமில்லாத புதுக் கம்பெனிக்குக் கொண்டுபோக முடியாது. 60 நாளுக்கு முன்பே உங்கள் ஐ-94 முடிந்தால் அதுதான் கடைசி நாள்.