மூன்றெழுத்துக் குறியீட்டுக்கு அப்பால்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தங்கள் மகனின் மதிப்பெண் பட்டியலையும் ஆர்வத் தேர்வின் முடிவையும் பார்த்தேன். அந்த முடிவிலுள்ள மூன்றெழுத்துக் குறியீடு, அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் வகுத்த ஆறு ஆர்வ வகைகளுள் ஒருவரிடம் மேலோங்கி நிற்கும் மூன்றைக் குறிப்பது. ஒருவருக்கு எதில் நாட்டம் என்பதை அது காட்டுமேயன்றி, எதில் திறமை என்பதைக் காட்டாது. அவ்வகைகளுள் ஒன்றான ஆய்வு நாட்டம் முதலிடத்தில் வந்ததாலேயே மருத்துவம்தான் என்று முடிவுகட்டிவிட்டீர்கள். வேதியியலாளருக்கும் புவியியலாளருக்கும் இயற்பியலாளருக்கும் அதே நாட்டம்தான் முதலில் நிற்கும்.

தொழில்வழிகாட்டலுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான ஃபிராங்க் பார்சன்ஸ், 1908இல் பாஸ்டனில் ஆலோசனை நிலையம் தொடங்கியபோது மூன்றை வலியுறுத்தினார்: தன்னை அறிதல், வேலையை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல். பல வீடுகளில் முதலாவது ஒரு தேர்வுத்தாளோடு முடிந்துவிடுகிறது. மூன்றாவதைப் பெற்றோரே செய்துவிடுகிறார்கள். இரண்டாவதை எவரும் தொடுவதில்லை. தங்கள் மகன் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

அவன் மனத்தில் உள்ள இரண்டு மூன்று வேலைகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இருக்கும் ஒருவரையேனும் நேரில் சந்தித்து இருபது நிமிடம் பேசட்டும். "இந்த வேலை எப்படி?" என்று கேட்டால் பெருமையோ புலம்பலோதான் பதிலாக வரும், "நேற்றுக் காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள், அதில் எது சலிப்பூட்டியது, புதிதாகச் சேர்பவருக்கு முதல் ஆண்டில் என்ன வேலை தருவீர்கள்?" என்று கேட்டால்தான் அந்த வேலையின் உண்மையான நாள் கண்முன் விரியும். அறுவை சிகிச்சையைக் கற்பனை செய்துகொண்டு வருபவர்கள், மருத்துவரின் நாளில் பதிவேடுகளும் இரவுப்பணியும் எவ்வளவு இடம்பிடிக்கின்றன என்பதை அப்போதுதான் அறிகிறார்கள். (உடன் நீங்கள் செல்ல வேண்டாம், பெற்றோர் அருகில் இருந்தால் பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை.)

கட்டணத்தைக் கணக்கிடும்போது கல்விக்கடனின் வட்டியையும், சம்பாதிக்காமல் கழியும் ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணிதத்தைக் கைவிடுவதற்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். பின்னாளில் அதைத் திரும்ப எடுப்பது கடினம், அதைக் கேட்கும் படிப்புகளோ பல.

சந்திப்புகளை முடித்தபின் அவன் தன் குறிப்பேட்டோடு வரட்டும். முதல் அரைமணி நேரம் அவனிடம் தனியே பேசிவிட்டுத் தங்களை அழைக்கிறேன்.