பலாலியில் ஏறும் விமானத்தின் உடம்பில் ஒட்டுத் தகடு தெரிந்தால் பயப்பட வேண்டுமா? கட்டாயப் பரிசோதனை உத்தரவு என்றால் என்ன?

யாழ்ப்பாணம் பலாலி விமானநிலையத்தில் சென்னை விமானத்துக்கு நடந்து போகும்போது, அதன் உடம்பில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்ட மாதிரி ஒரு தகடு தெரிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட விமானத்தில் போகலாமா, செய்திகளில் வரும் "கட்டாயப் பரிசோதனை உத்தரவு" இதற்குத்தானா என்பவை உங்கள் கேள்விகள்.

முதலில் தகடு. இந்த வழியில் வருவது பெரும்பாலும் ஏ.ரி.ஆர். 72 என்ற இரட்டை விசிறி விமானம். அதன் உடம்பில், விசிறிகளுக்கு நேர் எதிரே, இரண்டு பக்கமும் தனியாகப் பொருத்திய தகடுகள் இருக்கும். குளிர் முகிலுக்குள் போகும்போது விசிறியில் பிடிக்கும் பனிக்கட்டி கழன்று உடம்பில் அடிக்கும். அந்த அடியை வாங்கத்தான் அந்தக் காப்புத் தகடு. நீங்கள் பார்த்தது அதுவென்றால் அது ஒட்டே இல்லை, தொழிற்சாலையிலேயே வந்தது.

வேறு இடத்தில், மூலை வளைத்து, சுற்றிவர றிவெற் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) வரிசைகளுடன் இருந்திருந்தால் அது திருத்தத் தகடுதான். தொழிலில் டப்ளர் என்பார்கள். கதவடிகளில்தான் இவற்றைக் கூடுதலாகக் காணலாம். படிக்கட்டு, பொதி வண்டி எல்லாம் வந்து முட்டுகிற இடம் அதுதானே. ஆனால் ரியூப் ஒட்டு காற்றை மறித்தால் போதும். டப்ளர் சுமை தாங்க வேண்டும். ஏ.ரி.ஆர். உயரத்தில் பறக்கும்போது உள்ளழுத்தம் வெளியைவிடச் சதுர அங்குலத்துக்கு 6 இறாத்தல் வரை கூடுதலாக இருக்கும். ஒரு சதுர மீற்றர் தகட்டில் இது 4 தொன்னுக்கு மேற்பட்ட தள்ளு. ஒவ்வொரு பறப்பிலும் உடம்பு ஒருமுறை ஊதி ஒருமுறை தளர்கிறது. அதனால்தான் உடற்பகுதிக்கு வயதை மணித்தியாலத்தில் மட்டும் எண்ணுவதில்லை, பறப்புகளின் எண்ணிக்கையில் எண்ணுகிறார்கள். சென்னை - பலாலி போன்ற குறுந்தூர ஓட்டம் மணித்தியாலக் கணக்கில் சின்னதாகத் தெரியும், பறப்புக் கணக்கில் அப்படியில்லை.

ஒழுங்கான திருத்தம் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிழை போவது இங்கேதான்.

அடிபட்ட இடத்தை முதலில் அளப்பார்கள்: பள்ளத்தின் நீளம், அகலம், ஆழம், உடம்பைத் தாங்கும் சட்டமான பக்கத்துப் பிரேமில் இருந்து எவ்வளவு தூரம். தயாரித்த நிறுவனத்தின் கட்டமைப்புத் திருத்தக் கைநூலில் ஒவ்வொரு பகுதிக்கும் எல்லை உண்டு. எல்லைக்குள் என்றால் பதிந்துவிட்டு விடலாம். மீறினால் வெட்டி எடுக்க வேண்டும். கைநூலிலேயே இல்லாத சேதம் என்றால் தயாரிப்பாளரிடம் வரைபடம் கேட்டு, அங்கீகாரத்துடன் வந்த பிறகுதான் கைவைக்கலாம். "இதுக்கு முதல் இப்படித்தான் செய்தனாங்கள்" என்ற பேச்சுக்கு விமானம் திருத்தும் ஹாங்கரில் இடமில்லை.

சேதமான பகுதியை மூலை வளைத்து வெட்டுவார்கள், வளைவின் ஆரை பொதுவாக அரை அங்குலமோ கூடவோ. கூர் மூலை விட்டால் அடுத்த வெடிப்பு அதிலிருந்தே புறப்படும். விமானத்தின் வெளித் தகட்டைத் தோல் என்பார்கள். அது 2024-ரி3 என்ற இலக்கமுள்ள அலுமினியக் கலவை என்றால் டப்ளரும் அதே கலவை, தடிப்பில் ஒரு படி மட்டும் கூட: 0.040 அங்குலத் தோலுக்கு 0.050. தடித்த தகடு போட்டால் இன்னும் பலம்தானே என்று பலர் நினைப்பார்கள். நேர்மாறு. தடித்த தகடு விறைப்பானது, சுற்றியுள்ள சுமையைத் தன்பக்கம் இழுக்கும், அந்தச் சுமை முழுவதும் ஏறி இறங்குவது கடைசி வெளி றிவெற் வரிசையில். வெடிப்பு அங்கே, டப்ளருக்கு அடியில் இருக்கும் பழைய தோலில் தொடங்கும். வெளியில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

றிவெற் வேலைக்கு அளவு சொன்னால் புரியும். எட்டில் ஒரு அங்குல விட்டமுள்ள றிவெற்றை எடுங்கள். துளைக்கு 30ஆம் இலக்கத் துளைப்பான். துளையின் மையம் தகட்டு விளிம்பில் இருந்து றிவெற் விட்டத்தின் இரண்டு மடங்குக்குக் குறையக்கூடாது, அதாவது கால் அங்குலம். இரண்டு றிவெற்றுக்கு இடையில் குறைந்தது மூன்று மடங்கு, நடைமுறையில் நாலு முதல் ஆறு. அடித்து முடித்த பின் உள்பக்கத் தலையின் அகலம் றிவெற் விட்டத்தின் ஒன்றரை மடங்கும் உயரம் அரை மடங்கும் இருக்க வேண்டும். இது கண்மட்டமல்ல, அளவுக் கருவி வைத்துப் பார்ப்பது. அழுத்தம் தாங்கும் தோலில் வெட்டின் ஒவ்வொரு பக்கமும் பொதுவாக மூன்று வரிசையாவது போகும்.

துளை போட்டதும் தகடுகளைப் பிரித்து, இடையில் சிக்கிய சீவலையும் துளை விளிம்புப் பிசிறையும் எடுக்க வேண்டும். நேரமில்லாதவர்கள் தாண்டிப்போகும் படி இது. பிசிறு இருந்தால் தகடுகள் ஒட்டி உட்காராது, இடைவெளியில் ஈரம் இறங்கும், றிவெற் ஆடத் தொடங்கும். அதன் பிறகு அலுமினியத்துக்கு இரசாயனப் பூச்சு, பிரைமர், தகடுகளுக்கிடையே இடைவெளியை அடைக்கும் சீலன்ற் பசை. இரண்டு பகுதி கலந்து வரும் இந்தச் சீலன்ற்றின் பேரோடு பி-2 என்று இருந்தால், கலந்ததில் இருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் பூசி முடிக்க வேண்டும் என்று அர்த்தம். 2024 இலக்கக் கலவையில் வரும் றிவெற்றுகளைச் சூடாக்கிப் பதப்படுத்திக் குளிர்பெட்டியில்தான் வைத்திருப்பார்கள். வெளியே எடுத்தால் பத்திருபது நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும். பிந்தினால் இறுகி, அடிக்கும்போதே தலை வெடிக்கும். இன்னொன்று: துளையைக் குறிக்க எழுதுகோலாகப் பென்சில் எடுக்கக்கூடாது. கரி அலுமினியத்தைத் தொட்டு ஈரமும் சேர்ந்தால் அந்தக் கோட்டிலேயே அரிப்புப் பிடிக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் விஷயம் முடியவில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வகை உண்டு. ஏ வகை என்றால் நிரந்தரம், அந்தப் பகுதிக்கு ஏற்கெனவே உள்ள வழமையான பரிசோதனையே போதும். பி வகையும் நிரந்தரம், ஆனால் அந்த ஒட்டுக்கென்றே தனிப் பரிசோதனை, இத்தனை பறப்புக்கு ஒருமுறை. சி வகைக்குக் காலக்கெடு உண்டு, அதற்குள் பிரித்து வேறு போட வேண்டும். ஆகவே ஒட்டு இருக்கிறதா என்பது சரியான கேள்வி அல்ல. அது எந்த வகை, அதன் பரிசோதனை எண்ணிக்கை எங்கிருந்து ஓடுகிறது, கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

இதை மறந்ததன் விலை பதிவில் இருக்கிறது. 1980 பெப்ரவரியில் சைனா எயார்லைன்ஸ் போயிங் 747 ஒன்று ஹொங்கொங்கில் வாலை ஓடுபாதையில் உரசியது. உரசிய தோலை வெட்டி எடுக்காமல், கீறல்கள் இருந்தபடியே மேலே டப்ளரை அடித்தார்கள். கீறல்களில் இருந்து வெடிப்பு 22 வருடம் டப்ளருக்கு அடியில் வளர்ந்தது. 2002 மே 25 அன்று தாய்ப்பேயில் இருந்து ஹொங்கொங் போகும் வழியில் அந்த விமானம் வானிலேயே பிரிந்தது. 225 பேர் இறந்தார்கள். முந்தைய வருடம் எடுத்த படங்களில் டப்ளரைச் சுற்றிப் பழுப்புக் கறை தெரிந்தது. அந்தக் காலத்தில் பயணிகள் உள்ளே புகைத்த சிகரெற்றின் நிக்கொற்றின், காற்றோடு வெளியே கசிந்து படிந்த கறை. உள்ளே காற்று ஒழுகுகிறது என்று விமானமே எழுதிக் காட்டியிருந்தது.

ஜப்பான் எயார்லைன்ஸ் 123 அதற்கு முந்தியது. வால்பக்கத்தில் உள்ளழுத்தத்தை மறிக்கும் சுவரான அதன் பின்பக்க அழுத்தத் தடுப்பை 1978 வாலுரசலுக்குப் பிறகு திருத்தியபோது, ஒரே துண்டாகப் போட வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டிப் போட்டார்கள். இரண்டு வரிசை றிவெற் எடுக்க வேண்டிய சுமை ஒரு வரிசையில் விழுந்தது. ஏழு வருடம் தாங்கியது. 1985 ஓகஸ்ற் 12 அன்று 520 பேர் இறந்தார்கள்.

இனிக் கட்டாய உத்தரவு. தொழிலில் சுருக்கமாக ஏ.டி. என்பார்கள், தமிழில் பறப்புத் தகுதிப் பணிப்புரை எனலாம். தயாரிப்பாளர் ஒரு குறையைக் கண்டால் சேர்விஸ் புல்லற்றின் என்ற அறிவித்தலை விடுவார். அது வெறும் பரிந்துரை. அரச அதிகாரசபை அதை எடுத்து ஏ.டி. ஆக்கினால்தான் சட்டம். ஏ.ரி.ஆருக்கு வடிவமைப்புப் பொறுப்பு ஐரோப்பாவில், எனவே ஏ.டி. எழுதுவது ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகம். பலாலிக்கு வருகிற விமானம் இந்தியப் பதிவில் இருப்பதால் அதை நடைமுறைப்படுத்த வேண்டியது இந்திய அதிகாரிகள். இலங்கை அதிகாரசபை தரிப்பிடத்தில் வைத்து விமானத்தையும் அதன் பத்திரங்களையும் சோதிக்கலாம், அதன் பராமரிப்புத் திட்டம் அவர்களுடையது அல்ல.

ஏ.டி. ஒன்றைப் படிக்கும்போது பார்க்க வேண்டியவை: எந்த மாதிரி, எந்தத் தொடரிலக்கங்கள், முதற் பரிசோதனை எத்தனை பறப்புக்குள், திரும்பத் திரும்ப எத்தனைக்கு ஒருமுறை, எதைச் செய்தால் அந்தத் தொடர் பரிசோதனை நிற்கும். 2019 ஒக்டோபரில் போயிங் 737 என்.ஜி. விமானங்களில், இறக்கையை உடம்போடு பிணைக்கும் "பிக்கிள் போர்க்" என்ற பாகத்தில் வெடிப்புக் கண்டபோது அமெரிக்க அதிகாரசபை இட்ட உத்தரவு நல்ல உதாரணம். 30,000 பறப்பு முடித்தவை 7 நாளுக்குள், 22,600க்கும் 29,999க்கும் இடைப்பட்டவை அடுத்த 1,000 பறப்புக்குள், அதன்பின் 3,500க்கு ஒருமுறை. வெடிப்புக் கண்டால் அடுத்த பறப்புக்கு முன் திருத்தம். செய்தியில் "விமானங்கள் நிறுத்தம்" என்று வருவது பெரும்பாலும் இந்தக் கட்டம்தான்.

உத்தரவு குறுகலாக எழுதப்பட்டாலும் ஆபத்து. 1987இல் 737இன் தோல் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பொருத்துகளைச் சோதிக்கப் போயிங் சொன்னது எல்லாப் பொருத்துக்கும். அமெரிக்க ஏ.டி. கட்டாயமாக்கியதோ மேலே உள்ள நாலாம் இலக்கப் பொருத்து வரிசையை மட்டும். 1988 ஏப்ரல் 28 அன்று 89,680 பறப்பு முடித்திருந்த அலோஹா எயார்லைன்ஸ் 737 ஒன்றின் கூரை 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து பறந்தது. பிளவு தொடங்கியது பத்தாம் இலக்கப் பொருத்து வரிசையில் என்று விசாரணை முடிவு செய்தது. பொருத்தில் தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டு, உப்புக்காற்றில் அரிப்பும் பிடித்து, ஒவ்வொரு றிவெற் துளையிலும் பொடி வெடிப்புகள். தனித்தனியே பார்த்தால் சின்னன், ஒரே வரிசையில் எல்லாம் சேர்ந்தபோது ஒரே கோடு. ஒரு பணிப்பெண் இறந்தார், விமானிகள் எப்படியோ இறக்கினார்கள்.

வெடிப்பைத் தேடும் வழிகளில் கண்தான் முதல். ரோச் லைற்றைத் தகட்டுக்கு நேரே அடிக்கக்கூடாது. 5 முதல் 45 பாகை வரை சரித்து, வெளிச்சம் தன்னை நோக்கி வரும்படி பிடித்தால்தான் வெடிப்பின் விளிம்பு நிழல் காட்டும். பத்து மடங்கு உருப்பெருக்கியும் சின்னக் கண்ணாடியும் துணைக்கு. அடுத்தது சாயம்: பெயின்ற் அகற்றி, கழுவி, ஊறவிட்டு, மேலே உள்ளதைத் துடைத்து, வெளிக்காட்டும் பொடி போட்டால் வெடிப்புக்குள் இருந்த சாயம் கோடாக எழும்பும். மேற்பரப்பில் திறந்த வெடிப்புக்கு மட்டும்தான் இது. மணல் வீசிச் சுத்தம் செய்திருந்தால் வெடிப்பின் வாய் மூடிவிடும், ஒன்றும் காட்டாது. றிவெற் துளைகளுக்கு எடி கரன்ற் கருவி: சுருளில் மின் ஓடி, தகட்டில் ஓட்டம் எழுப்பி, வெடிப்பு வந்தால் திரையில் கோடு குதிக்கும். தொடங்குமுன் அளவு தெரிந்த கீறல் வெட்டிய மாதிரித் தகட்டில் கருவியைச் சரிசெய்ய வேண்டும். கலவை வேறான மாதிரியை வைத்தால் பிறகு வரும் எல்லாவற்றுக்கும் மதிப்பில்லை.

பலாலிக் கடற்கரை அருகில் என்பதால் உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறள் என்றால் இரும்பின் சிவப்பு நிறம்தான் நமக்கு நினைவு. அலுமினியத்தில் அது வெள்ளைப் பொடி, அல்லது பெயின்ற்றுக்கு அடியில் எழும்பும் கொப்புளம். சமையலறைத் தரை, கழிவறைத் தரை, வயிற்றுப் பகுதியின் வடிகால் துளை அடைபட்ட இடம் ஆகியவைதான் வழமையான சந்தேகநபர்கள். சுரண்ட இரும்பு நாரோ கம்பித் தூரிகையோ கூடாது. இரும்புத் துகள் பதிந்து புதிதாக அரிக்கும். சுரண்டி முடிந்ததும் மீந்த தடிப்பை அளந்து கைநூலோடு ஒப்பிட வேண்டும். ஏ.ரி.ஆர். 72இன் வெளி இறக்கை காபன் நாரால் ஆனது. அதற்கு அரிப்பில்லை, ஆனால் அடிபட்டால் மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே படலங்கள் பிரியலாம். அதைத் தட்டியும் மீயொலியாலும்தான் தேட வேண்டும்.

ஏறுபவர் கவனிக்கத் தக்கது ஒன்றிரண்டுதான். றிவெற் தலையில் இருந்து காற்றுப் போகும் திசையில் பின்னோக்கிக் கறுப்புக் கோடு இழுத்திருந்தால் அந்த றிவெற் ஆடுகிறது என்று பொருள். தேய்ந்த அலுமினியப் பொடிதான் அது. பெயின்ற் கோடாக வெடித்திருந்தாலும் சொல்லுங்கள். அலோஹாவில் ஏறும்போதே ஒரு பயணி தகட்டில் வெடிப்பைக் கண்டார், ஒருவரிடமும் சொல்லவில்லை. படியேறும்போது பணியாளரிடம், "கதவுக்கு இந்தப் பக்கம், இத்தனையாவது யன்னலுக்குக் கீழே" என்று இடத்தைச் சொன்னால் போதும். விமானத்தின் பள்ளம், கீறல், ஒட்டு எல்லாம் இடமும் அளவும் போட்டு ஒரு பதிவில் இருக்கும். ஏற்கெனவே பதிந்ததா புதிதா என்று பொறியியலாளர் அதை வைத்துச் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார். புதிது என்றால் அளந்து முடியும் வரை விமானம் கிளம்பாது.