அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய திருப்புமுனை எது? என் பதில்: 1877

இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில்கள் மூன்று: 1776-இன் சுதந்திரப் பிரகடனம், 1863-இன் அடிமை விடுதலைப் பிரகடனம், 1964-இன் சிவில் உரிமைகள் சட்டம். மூன்றுமே சரியான பதில்கள்தான். ஆனால் ஒன்று உறுத்துகிறது. இனத்தையோ நிறத்தையோ காரணம் காட்டி யாருக்கும் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870-லேயே அரசியலமைப்பின் 15-ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. அப்புறம் எதற்காக 1965-ல் அதே உரிமைக்கு இன்னொரு சட்டம்? இடையில் போன 95 வருஷத்துக்குக் கணக்குக் கேட்டால் 1877-ல் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அடிமைமுறைக்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்களோடு வடக்கு மோதிய உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்து இரண்டே வருஷத்தில், தோற்ற தென் மாநிலங்களில் பத்தை ஐந்து ராணுவ மண்டலங்களாகப் பிரித்து, கறுப்பின ஆண்களுக்கும் வாக்களித்துப் புதிய மாநில அரசுகளை அமைக்கச் சொன்னது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ். நடந்தது சாதாரண மாற்றம் இல்லை. போரில் தென் மாநிலங்களுக்கு அதிபராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸ் போருக்கு முன் செனட் உறுப்பினராக இருந்தது மிசிசிப்பியின் சார்பில். அதே மிசிசிப்பியின் சார்பில் 1870-ல் ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் செனட்டில் போய் உட்கார்ந்தார். போர்க்காலத்தில் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து தென் மாநிலப் படையின் கப்பலையே ஓட்டிக்கொண்டு தப்பிய ராபர்ட் ஸ்மால்ஸ், பிறப்பால் அடிமை. அவர் தெற்கு கரோலினாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார்.

எதிர்ப்பும் அதே வேகத்தில் வந்தது. 1873 ஈஸ்டர் ஞாயிறு அன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவர்களைக் கொன்று குவித்தது. சரணடைந்தவர்களையும் விடவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான் தண்டனை கிடைத்தது, அதையும் 1876-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எல்லாருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பைத் தரும் 14-ஆவது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனி மனிதர்களை அல்ல என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். அந்த 1873-லேயே பொருளாதாரமும் சரிந்தது. வட மாநிலத்துக்காரர்களுக்குத் தெற்கின் பிரச்சினை அலுத்துப்போயிருந்தது.

இந்த நிலையில்தான் 1876 அதிபர் தேர்தல். தெற்கத்திய வெள்ளையர்களின் ஆதரவு பெற்ற ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டனுக்கு மக்கள் வாக்கும் அதிகம், அதிபரைத் தீர்மானிக்கும் மாநிலவாரியான எலக்டோரல் வாக்கும் அதிகம்: 184. ஜெயிக்க வேண்டியது 185. தெற்கின் கறுப்பினத்தவர்கள் ஆதரித்த குடியரசுக் கட்சியின் ரூதர்ஃபோர்ட் ஹேய்ஸிடம் 165. ஃப்ளோரிடா, லூசியானா, தெற்கு கரோலினா, கூடவே ஓரிகனில் ஒன்று என மிச்சமிருந்த 20 வாக்குகளுக்கும் தகராறு. அத்தனையும் கிடைத்தால் மட்டுமே ஹேய்ஸ் அதிபர்.

தீர்ப்புச் சொல்ல 15 பேர் ஆணையம் ஒன்று போட்டார்கள். கட்சிக்கு ஏழு பேர், நடுநிலையாக டேவிட் டேவிஸ் என்ற நீதிபதி என்பது திட்டம். இல்லினாய் சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்து வாக்களித்து அதே நேரம் பார்த்து அவரை செனட்டராக்கிவிட்டார்கள்! அவர் ஆணையத்திலிருந்து விலகிக்கொள்ள, அந்த இடம் குடியரசுக் கட்சிச் சார்புடைய ஜோசப் பிராட்லிக்குப் போனது. தகராறு எல்லாவற்றிலும் 8-க்கு 7 என்று ஹேய்ஸ் பக்கமே முடிவு. சொந்தக் காசில் சூனியம் என்றால் இதுதான்.

ஆத்திரமடைந்த ஜனநாயகக் கட்சியினர் வாக்கு எண்ணிக்கையை இழுத்தடித்தார்கள். பிப்ரவரி 26 அன்று வாஷிங்டனின் வோர்ம்லி ஹோட்டலில் ஹேய்ஸின் ஆட்களும் தெற்கத்தியத் தலைவர்களும் சந்தித்துப் பேசினார்கள். ஹேய்ஸ் அதிபராகட்டும், தெற்கை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்பதுதான் பேச்சின் சாரம். ஹோட்டல் முதலாளி ஜேம்ஸ் வோர்ம்லி ஒரு கறுப்பினத்தவர். அந்த ஒரு கூட்டத்தில்தான் எல்லாம் முடிவானதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எப்படியோ, மார்ச் 2 அன்று ஹேய்ஸ் வெற்றி அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் மாதமே தெற்கு கரோலினா, லூசியானா தலைநகரங்களில் காவல் நின்ற ராணுவம் முகாமுக்குத் திரும்பியது. அங்கே எஞ்சியிருந்த குடியரசுக் கட்சி அரசுகள் உடனே கவிழ்ந்தன. அதே வருஷம் ஜூலையில் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மட்டும் ஹேய்ஸுக்கு ராணுவத்தை அனுப்ப எந்தத் தயக்கமும் இல்லை.

மறுநாளே எல்லாம் பறிபோய்விடவில்லை. 1880-களிலும் கறுப்பினத்தவர் பல இடங்களில் வாக்களித்தார்கள். ஆனால் தட்டிக்கேட்க வாஷிங்டன் வராது என்று தெரிந்துபோனது. 1890-ல் மிசிசிப்பி புதிய அரசியலமைப்பு எழுதி, ஓட்டுப் போட ஒரு வரி, அரசியலமைப்பைப் படித்துக் காட்டவோ விளக்கவோ ஒரு தேர்வு என்று கொண்டுவந்தது. தேறினாரா இல்லையா என்று சொல்வது உள்ளூர் வெள்ளை அதிகாரி. 1898-ல் லூசியானா இன்னும் ஒருபடி போய், 1867-க்கு முன் தகப்பனோ பாட்டனோ வாக்காளராக இருந்தால் தேர்வே வேண்டாம் என்றது. அடிமையின் பேரனுக்கு அப்படி ஒரு பாட்டன் எங்கிருந்து வருவார்? 1896-ல் அந்த மாநிலப் பட்டியலில் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,000-க்கும் மேல். 1904-ல் வெறும் 1,342. வட கரோலினாவின் ஜார்ஜ் ஹென்றி வைட் 1901-ல் பதவிக்காலம் முடிந்து போன பிறகு, தெற்கிலிருந்து அடுத்த கறுப்பின உறுப்பினர்கள் காங்கிரஸுக்குள் நுழைந்தது 1973-ல்தான்.

1877-இன் வால் இன்னும் நீள்கிறது. அந்தக் குழப்பம் மறுபடி வரக் கூடாது என்று 1887-ல் எலக்டோரல் வாக்கு எண்ணிக்கைக்கு ஒரு சட்டம் போட்டார்கள். 2021 ஜனவரியில் பைடன் வெற்றியை எதிர்த்த செனட்டர்கள் சிலர், 1877 போலவே ஓர் ஆணையம் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதலுக்குப் பிறகு, 2022 டிசம்பரில் அந்தப் பழைய சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது ஒரு மாநிலத்தின் வாக்கை எதிர்ப்பதென்றால் இரு அவைகளிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும். முன்பு அவைக்கு ஒருவர் போதும்.