தில்லிக்கு மனு அனுப்பும் முன்: திருப்பூர்த் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மகள் பி.காம். முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து நான்கு வருடமாகியும் ஒரு அழைப்புக்கூட வரவில்லை, தில்லியில் இருக்கும் தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்பு அமைச்சகத்துக்கு மனு போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே அமைச்சகத்தில் 'ஆள் இருக்கிறது' என்று சொல்லி இரண்டரை லட்சம் கேட்பவரை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நம்பாதீர்கள். அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த அமைச்சகம் புதுதில்லியில் இயங்குகிறது. அங்கே கோப்பு பார்க்கும் உதவிப் பிரிவு அலுவலரே, மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் தேர்வை எழுதி, தரவரிசையில் வந்துதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மேலே இருப்பவர்களில் பலர் யு.பி.எஸ்.சி. வழியாக வந்தவர்கள். தன் அலுவலகத்து நிரந்தரப் பணிகளுக்கே தன்னிஷ்டப்படி ஆள் எடுக்க முடியாத அமைச்சகம், உங்கள் மகளுக்கு எப்படி ஆர்டர் போட்டுக் கொடுக்கும்? பணம் கேட்பவர் விற்பது அங்கே இல்லாத ஒரு சரக்கு.

இனி மனு விஷயம். வேலைவாய்ப்பு அலுவலகம் தில்லி அமைச்சகத்தின் கிளை என்று பலரும் நினைக்கிறார்கள். பிறந்தது அப்படித்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பும் படைவீரர்களுக்கு வேலை தேடித்தர 1945 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய இயக்குநரகம்தான் இதன் வேர். பிறகு அரசு அமைத்த சிவராவ் குழுவின் பரிந்துரைப்படி, 1956 நவம்பர் 1 முதல் இந்த அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து கொள்கை, தர நிர்ணயம், புள்ளிவிவரம் ஆகியவை தில்லியில். பதிவு, புதுப்பித்தல், பரிந்துரை எல்லாம் மாநிலத்தில். ஆகவே நீங்கள் தில்லிக்கு எழுதும் மனு, பெரும்பாலும் சென்னை கிண்டியில் உள்ள வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்குத்தான் திருப்பி அனுப்பப்படும். அங்கிருந்து உங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு வரும். தபால் சுற்றுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

அழைப்பு ஏன் வரவில்லை என்பதுதான் உங்கள் மனதை அரிக்கும் கேள்வி. 'எங்க காலத்துல எம்ப்ளாய்மெண்ட் கார்டு வெச்சுத்தான் வேலை கெடைச்சுது' என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை. 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு நிறுவனங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் அங்கிருந்துதான் ஆளை எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவே இல்லை. அதன் இடத்துக்கு வந்துள்ள 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதே நிலைப்பாட்டில்தான் இருக்கிறது. அரசுத் துறைகள் வழக்கத்தால் பதிவு மூப்பை, அதாவது முன்பே பதிந்தவரை முதலில் அழைப்பதை, பின்பற்றி வந்தன. 1996-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பதிவு செய்தவர்களை மட்டும் அழைப்பது போதாது, செய்தித்தாள்களிலும் விளம்பரம் கொடுத்து எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. டி.என்.பி.எஸ்.சி.யும் ஆசிரியர் தேர்வு வாரியமும் எடுக்கும் பணிகளுக்கெல்லாம் போட்டித் தேர்வு வந்துவிட்ட பின், மூப்புப் பட்டியலை மட்டும் வைத்து நிரப்பும் இடங்கள் மிகவும் குறைந்துவிட்டன. உங்கள் மகளிடம் ஒரு குறையும் இல்லை, அம்மா. இதை அவளிடமும் சொல்லுங்கள். நான்கு வருடம் தபால்காரரைப் பார்த்துப் பார்த்து, தனக்குத்தான் அதிர்ஷ்டம் இல்லை என்று அந்தப் பெண் நினைத்துவிடக் கூடாது.

அதற்காகப் பதிவை விட்டுவிட வேண்டாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பியுங்கள். இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் கிடையாது. உதவித்தொகை பற்றியும் கேட்டிருந்தீர்கள். பட்டதாரிகளுக்கு மாதம் 600 ரூபாய், மூன்று வருடம் வரை தருகிறார்கள். ஆனால் பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. உங்கள் கணவரின் சம்பளத்துக்கு இது கிடைக்காது. அதற்காக அலைய வேண்டாம்.

அதே அலுவலகத்தில் அலைவதற்குத் தகுந்த வேறு விஷயம் ஒன்று உண்டு. அதன் முழுப் பெயர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். அங்கே தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி வகுப்புகளும், மாதிரித் தேர்வுகளும், நூலகமும் இருக்கின்றன. தனியார் நிறுவனங்களை வரவழைத்து வேலைவாய்ப்பு முகாமும் நடத்துகிறார்கள். கார்டு புதுப்பிக்க மட்டும் போய்வரும் பிள்ளைகள்தான் அதிகம். மாடிப்படி ஏறி அந்த வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் குறைவு. எனக்கு இதில்தான் ஆதங்கம்.

மத்திய அமைச்சகத்தில் உங்களுக்கு நேரடியாக உதவக்கூடியது வேலைவாய்ப்புத் தலைமை இயக்குநரகம் நடத்தும் நேஷனல் கேரியர் சர்வீஸ் தளம். 2015 ஜூலையில் தொடங்கியது. பதிவு இலவசம். தனியார் வேலைகளும் அதில் வரும். விளம்பரத்தில் உள்ள நிறுவனத்தை மட்டும் நீங்கள் தனியே விசாரித்துக்கொள்ளுங்கள். அரசுத் தளத்தின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர்தான். ஐ.டி.ஐ., அப்ரண்டிஸ் சம்பந்தமாக யாராவது தொழிலாளர் அமைச்சகத்துக்குப் போகச் சொன்னால் அது பழைய தகவல். அந்தப் பிரிவு 2015-லேயே திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு மாறிவிட்டது. வெளிநாட்டு வேலைக்கான குடிபெயர்வு அனுமதியும் ஏஜென்ட் உரிமமும் வெளியுறவு அமைச்சகத்தின் பொறுப்பு.

தொழிலாளர் அமைச்சகத்தின் மீதிப் பிரிவுகள் பெரும்பாலும் வேலையில் இருப்பவர்களுக்கானவை. மத்தியத் தலைமைத் தொழிலாளர் ஆணையரின் அமைப்பு ரயில்வே, வங்கி, சுரங்கம், துறைமுகம் போன்ற இடங்களின் தொழில் தகராறுகளைப் பார்க்கிறது. தன்பாத்தில் சுரங்கப் பாதுகாப்புக்கென்று ஓர் இயக்குநரகம், நொய்டாவில் வி.வி. கிரி பெயரில் ஆராய்ச்சி நிறுவனம், விலைவாசிக் குறியீட்டெண் கணக்கிடும் தொழிலாளர் வாரியம் என்று இன்னும் பல உண்டு. உங்களுக்கு அவை இப்போது தேவைப்படாது.

ஆனால் பி.எஃப். என்று நாம் சொல்லும் வருங்கால வைப்பு நிதி அமைப்பு உங்கள் மகளுக்கு முக்கியம். அதுவும் இதே அமைச்சகத்தின் கீழ்தான் வருகிறது. அதன் அமலாக்க அலுவலர்/கணக்கு அலுவலர் பணிக்கும், உதவி ஆணையர் பணிக்கும் யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. ஏதாவது ஒரு பட்டம் போதும். பாடத்திட்டத்தில் கணக்கியல் கோட்பாடுகளும் தொழிலாளர் சட்டமும் இருக்கின்றன. கணக்கியல் அவள் மூன்று வருடம் படித்த பாடம், சட்டம் புதிதாகப் படிக்க வேண்டியது. மாநிலத்திலும் இதே போல வாய்ப்பு உண்டு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-இல் இளநிலை வேலைவாய்ப்பு அலுவலர், தொழிலாளர் உதவி ஆய்வாளர் பணிகளும், குரூப் 1-இல் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலர் பணியும் வருகின்றன. அழைப்பு எதிர்பார்த்துக் காத்திருக்கும் அதே துறையில் அவளே அலுவலராக உட்காரலாம். நான் ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. வணிகவியல் படித்த பிள்ளைகளிடம் இந்தத் தேர்வுகளின் பெயரைச் சொல்ல ஆளில்லை என்பதால் சொல்கிறேன்.

எந்தத் தேர்வு என்று தீர்மானிக்கும் முன் அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். குரூப் 2, பி.எஃப். இரண்டையும் ஒன்றாகப் படிக்கலாம், பொது அறிவும் கணிதமும் இரண்டுக்கும் பொது. ஆனால் ஒரு பனியன் கம்பெனியிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கட்டும் என்பது என் கருத்து. திருப்பூரில் டேலியும் ஜி.எஸ்.டி.யும் தெரிந்த பெண்ணுக்கு அந்த வேலை கிடைக்கும். வீட்டில் சும்மா உட்கார்ந்து இன்னொரு நான்கு வருடம் காத்திருக்க நான் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: பிளஸ் 2 படிக்கும் மகன் நீட் எழுதப் போகிறான், தனியார் கல்லூரிக் கட்டணத்தை நினைத்தாலே தூக்கம் வருவதில்லை என்று. நீங்கள் கேட்காத இந்தக் கேள்விக்குத்தான் தொழிலாளர் அமைச்சகத்தில் உங்களுக்கு நல்ல பதில் இருக்கிறது. உங்கள் கணவரின் சம்பளச் சீட்டில் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. பிடித்தம் இருப்பதாகச் சொன்னீர்கள். தொழிலாளர் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். இ.எஸ்.ஐ. கழகமும் இதே அமைச்சகத்தைச் சேர்ந்தது. அது சென்னை கே.கே. நகரிலும் வேறு மாநிலங்களிலும் மருத்துவக் கல்லூரிகள் நடத்துகிறது. அவற்றில் காப்பீடு பெற்ற தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. நீட் மதிப்பெண் கட்டாயம் வேண்டும். ஆனால் போட்டி அந்தப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான். அதற்கு, காப்பீடு பெற்ற தொழிலாளரின் பிள்ளை என்று இ.எஸ்.ஐ. கழகம் தரும் சான்றிதழ் தேவை. கலந்தாய்வுக்கு முன் குறிப்பிட்ட நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தந்தை குறிப்பிட்ட காலம் தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. எனவே இந்த வாரமே கணவரின் இ.எஸ்.ஐ. எண்ணில் மகனின் பெயரும் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். கம்பெனி ஒவ்வொரு மாதமும் தொகையைக் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் முதலில் கம்பெனியில் சொல்லுங்கள், அங்கே நடக்கவில்லை என்றால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.