பதினோரு மணிக் கோபம்

ஆலோசகர் அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மூத்தவளுக்கு 11 வயது, பையனுக்கு 8, கடைக்குட்டிக்கு 2. எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை என்று பையனை வகுப்பில் முட்டி போட வைத்தார்கள். தினமும் காலையில் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். போன வருஷம் இரண்டு பேரையும் நிறுத்திவிட்டு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். அவர் மஸ்கட்டில் வேலை. "படிச்ச பொண்ணு பண்ற வேலையா இது?" என்கிறார் மாமியார்.

காலை எட்டரைக்கு ஜெபம், அப்புறம் மூன்றரை வரை பள்ளிக்கூடம் மாதிரியே பீரியட். பதினோரு மணியானால் கத்திவிடுகிறேன். போன வாரம் பையனை அடித்தேன். தண்டனையாக ஒரு வசனத்தை இருபது தடவை எழுதச் சொன்னேன். "பைபிளே வேண்டாம்மா" என்று அழுதான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சபையில் யாராவது "பிள்ளைங்க எந்த ஸ்கூல்?" என்றால் கூசுகிறது. என் விசுவாசம் குறைந்துவிட்டதா? திரும்பப் பள்ளியில் சேர்த்துவிடட்டுமா? மகளின் பத்தாம் வகுப்பு என்ன ஆகும்?

– ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

விசுவாசத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது பதினோரு மணி. கோபம் நேரம் பார்த்து வருகிறது என்றால் காரணமும் அந்த நேரத்தில்தான் கிடக்கும். எட்டு மணிக்குப் பிள்ளைகள் சாப்பிட்டிருப்பார்கள். நீங்கள் எத்தனை மணிக்கு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? கடைக்குட்டி அந்த நேரத்தில் தூக்கத்துக்குச் சிணுங்குகிறதா? ஏழு நாளைக்கு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: கோபம் வந்த நேரம், நடந்துகொண்டிருந்த பாடம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம். பெரும்பாலும் பசி, தூக்கக்குறைவு, வாசிப்புப் பாடம் மூன்றும் ஒரே இடத்தில் வந்து முட்டும். வேதாகமத்தில் சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் அடையும் தண்ணீரும். அதுவும் இரண்டு முறை. கர்த்தர் பேசிய மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது உங்கள் டைம்டேபிள். ஏழு மணி நேரம் என்பது நாற்பது பிள்ளைகளை வைத்து நடத்தும் இடத்துக்கான கணக்கு. வருகைப் பதிவு, வரிசை, காத்திருப்பு எல்லாம் அதில் அடக்கம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் எட்டு வயதுக்கு இரண்டு மணி நேரம், பதினோரு வயதுக்கு மூன்று மணி நேரம் தாராளம். தமிழும் கணக்கும் மட்டும் தனித்தனியாக எடுங்கள். அறிவியல், வரலாறு, வேதாகமக் கதை மூன்றும் இரண்டு பேருக்கும் சேர்த்தே போதும். பெரியவள் ஒரு பக்கம் எழுதட்டும், சின்னவன் படம் வரைந்து வாயால் சொல்லட்டும். ஒருநாள் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனால் ஒரு மாத வரலாற்றுப் பாடம் அங்கேயே இருக்கிறது: 1620-இல் டேனியர் எழுப்பத் தொடங்கிய கோட்டை, 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய கடற்கரை, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சான கதை. பத்தரைக்குப் புத்தகத்தை மூடி, எல்லாரும் ஏதாவது சாப்பிடுங்கள். கடினமான பாடம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

பையனின் வாசிப்புதான் இந்தக் கடிதத்தின் நடுப்புள்ளி என்று நினைக்கிறேன். அவனை ‘கொடி’ என்று வாசிக்கச் சொல்லி, அவன் கண் போகும் வழியைப் பாருங்கள். இடப்பக்கக் கொம்பையும் ககரத்தையும் சேர்த்து ‘கெ’ என்பான். அடுத்து நிற்கும் துணைக்காலை (‘ா’) ‘ர’ என்று எடுத்துக்கொண்டு ‘கெரடி’ என்பான். சோம்பேறித்தனம் அல்ல. இடமிருந்து வலமாக ஒழுங்காகத்தான் போகிறான். நம் எழுத்து அந்த இடத்தில் அப்படிப் போவதில்லை. 247 எழுத்து அட்டையைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி க, ப, ம, த, ல என்று ஐந்து அட்டை போதும். முதலில் கால் மட்டும்: கா, பா, மா. நாலைந்து நாள் கழித்து ‘ி’, பிறகு ‘ீ’. அப்புறம் இடப்பக்கம் வரும் ‘ெ’, ‘ே’, ‘ை’. அவை படிந்த பிறகே இரண்டு பக்கமும் நிற்கும் ‘ொ’, ‘ோ’. எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுகிற கு, து, பு வரிசை கடைசியில். விரலை முதலில் நடு எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு இடம் பார், வலம் பார். தினம் பதினைந்து நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். ஒரே சொல்லில் மூன்று தடவை தடுமாறினால் நீங்களே வாசித்துவிட்டு நகருங்கள். அந்த நாலாவது தடவையில்தான் கை ஓங்குகிறது.

இதற்கு முன்பே கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். மூன்று மாதம் இப்படிச் செய்தும் நகரவில்லை என்றால் டிஸ்லெக்ஸியாவாக, அதாவது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் 18 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். வழியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வசனத்தைத் தண்டனையாக்கியதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். இருபதாவது தடவை எழுதும்போது கையில் வலியும் மனதில் உங்கள் முகமும்தான் இருக்கும். வசனம் அந்த வலியோடு ஒட்டிக்கொள்ளும். அவன் வேண்டாம் என்றது அந்த வலியைத்தான். "உன்னை அடிச்சது அம்மா செஞ்ச தப்பு, மன்னிச்சிடுடா" என்று ஒரு வரி சொல்லுங்கள். பின்னால் ‘ஆனா நீயும்’ என்று சேர்க்காதீர்கள். சில வாரங்களுக்கு வேதாகமத்தை அவன் வாசிக்கவே வேண்டாம். இரவில் விளக்கணைக்கும் முன் நீங்கள் ஒரு கதை சொல்லுங்கள், கேள்வி கேட்காமல்.

பள்ளிக்குத் திரும்புவது தோல்வி இல்லை, அவசரமும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது (10-ஆம் பிரிவு). வீட்டுக்கல்வி பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை, பெற்றோருக்குத் தண்டனையும் குறிப்பிடவில்லை. எப்போது சேர்த்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவு. மகளுக்கு 14 வயது நிறைந்ததும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம், வருஷத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு, தேறிய பாடத்தைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. பதிவை அதன் இணையதளத்தில் நேரடியாகச் செய்யுங்கள். ‘டைரக்ட் பாஸ்’ வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் மூன்றும் இப்போதே ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டும் சோதித்துக்கொள்ளுங்கள்; ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் எரிச்சலும் அசதியும் அதிலிருந்தே வரலாம். தூக்கமின்மையும் மனச்சோர்வும் இரண்டு வாரம் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்றோ, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோம் என்றோ தோன்றினால் அந்த நிமிஷமே 14416-ஐ அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை.

ஆட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே இரவு ஒன்பது என்றால் மஸ்கட்டில் ஏழரை. வாரம் நான்கு நாள் வீடியோ காலில் வாய்ப்பாடு கேட்பது அப்பாவின் பாடம். சபையில் கேட்டால் "வீட்டுல படிக்கிறாங்க, பத்தாவது திறந்தநிலைப் பள்ளில எழுதுவாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், விளக்கம் வேண்டாம்.

மாமியாரிடம் பின்னத்தை ஒப்படைத்துப் பாருங்கள். நெல்லுக்கு எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்; நிலத்துக்கு நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. கால் மரக்கால் எத்தனை படி என்று பையன் நெல்லை அளந்து பார்க்கட்டும். பாடம் எடுப்பவராகிவிட்டால் அவர் பேச்சு குறையலாம். குறையாவிட்டாலும் அந்த இருபது நிமிஷத்தில் நீங்கள் உட்கார்ந்து சூடாக ஒரு காபி குடிக்கலாம்.