வயதைக் குறிப்பிடாமல் ரிப்போர்ட்டை அனுப்பாதீர்கள்

பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ச் செல்களைத் துடைத்தெடுத்துப் பார்ப்பது) போன்ற கருப்பை வாய்ப் பரிசோதனையில் மாற்றம் இருப்பதாக முடிவு வந்தவர்கள் எழுதிய கடிதங்கள் இம்முறை மிகுதி. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் வயது இல்லை. ரிப்போர்ட்டின் வாசகத்தை எழுத்துப் பிசகாமல் நகலெடுத்து அனுப்பியவர்கள்கூடத் தம் வயதை எழுத மறந்திருக்கிறார்கள். எல்சில் (செல்களில் லேசான மாற்றம்) என்ற அதே சொல்லுக்கு 22 வயதில் நான் சொல்லும் பதில் வேறு, 45 வயதில் சொல்லும் பதில் வேறு. எனவே வயதில்லாத கடிதங்களுள் ஒன்றைத் தவிர மற்றவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஒன்றை ஏன் எடுத்தேன் என்பது அதைப் படித்தால் விளங்கும்.

எனக்கு வயது 22. பாப் ஸ்மியரில் எல்சில் என்று வந்துள்ளது. லீப் செய்து எடுத்துவிட்டால் கவலை இல்லை என்கிறார்கள். அம்மா இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. செய்துகொள்ளலாமா?

வேண்டாம். எல்சில் என்பது எச்பிவி (உடலுறவால் பரவும் பாப்பிலோமா வைரஸ்) தொற்று செல்களில் பதித்த தடத்தின் பெயர். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தச் செல்லின் உட்கரு உலர்திராட்சை போலச் சுருக்கம் விழுந்திருக்கும். அதைச் சுற்றி, அழிப்பானால் துடைத்தெடுத்தது போல வெறுமையான வளையம் ஒன்று தெரியும். வைரஸ் அங்கே இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. உங்கள் வயதில் பத்தில் ஒன்பது பேருக்கு இத்தொற்று இரண்டு ஆண்டுகளுக்குள் மருந்தின்றியே மறைந்துவிடும். ஓராண்டு கழித்து மீண்டும் பாப் எடுங்கள். அப்போதும் எல்சில் என்றே வந்தால், மேலும் ஓராண்டு பொறுத்து இன்னொரு முறை எடுங்கள். அதுவும் சரியாக வராவிட்டால்தான் கால்போஸ்கோபி, அதாவது கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பது. இடையில் எப்போதாவது எச்-சில் (முற்றிய மாற்றம்) அல்லது ஏஸ்க்-எச் (அது இருக்கலாம் என்ற ஐயம்) என்று வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

லீப் என்பது மின்கம்பி வளையத்தால் கருப்பை வாயின் ஒரு பகுதியைச் சீவி எடுப்பது. ஆழமாகச் சீவச் சீவப் பின்னாளில் குறைப்பிரசவத்துக்கான வாய்ப்பு கூடுகிறது. தானாகப் போகக்கூடிய ஒன்றுக்காக, இனிப் பிறக்கவேண்டிய குழந்தையின் மேல் அந்தச் சுமையை ஏற்ற வேண்டுமா? பரிசோதனையைத் தொடங்கும் வயதாகச் சில நாடுகள் 21-ஐயும், சில 25-ஐயும், உலக சுகாதார நிறுவனம் பொதுவாக 30-ஐயும் சொல்வதற்கு, இளம் வயதில் தேடினால் போகிற தொற்றுகளே அதிகம் அகப்படும் என்பது முக்கியமான காரணம். அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

டாக்டர், ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று வந்துள்ளது. புற்றுநோயா? உடனே பதில் தேவை.

எது பாசிட்டிவ்? பாப் ஸ்மியரா, எச்பிவி பரிசோதனையா? எந்த வகை எச்பிவி? உங்கள் வயது என்ன? இவற்றுள் ஒன்றுகூடக் கடிதத்தில் இல்லை. 'உடனே' என்ற சொல் மட்டும் இருக்கிறது. பாப், எச்பிவி இரண்டுமே சல்லடைகள். நோயை உறுதி செய்வது கால்போஸ்கோபியில் எடுக்கும் திசுப் பரிசோதனை. முழு ரிப்போர்ட்டையும் வயதையும் எழுதுங்கள்.

வயது 34. ஏஸ்கஸ், எச்பிவி நெகட்டிவ். ஒருவர் கால்போஸ்கோபி என்கிறார், இன்னொருவர் ஒன்றும் வேண்டாம் என்கிறார்.

ஏஸ்கஸ் என்பது இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாத லேசான மாற்றம். எச்பிவி இல்லை என்பதால் இரண்டாமவர் சொல்வது சரி. மூன்று ஆண்டுகள் கழித்து அடுத்த பரிசோதனை.

வயது 28. தோழிக்கும் எனக்கும் ஒரே மாதத்தில் முடிவு வந்தது. அவளுக்கு எல்சில், எனக்கு எச்சில். அவளை ஓராண்டு காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நானும் காத்திருக்கலாம்தானே?

காத்திருக்கக் கூடாது. முதலில் அதை இணைப்புக்குறி போட்டு எச்-சில் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் தமிழில் வேறு பொருளாகிவிடுகிறது. ஓரெழுத்து வேறுபாடுதான் என்றாலும், உங்கள் தோழியின் முடிவும் உங்கள் முடிவும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. எச்-சில் வந்தால் மறுபடி பாப் எடுத்துப் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. சில வாரங்களுக்குள் கால்போஸ்கோபி செய்து, அமிலக் கரைசல் தடவும்போது வெளுத்துத் தெரியும் இடங்களிலிருந்து திசு எடுக்க வேண்டும். திசு முடிவு சின் 2 (சின் என்பது புற்றுக்கு முந்திய மாற்றம்; 1 லேசானது, 3 முற்றியது) என்று வந்து, இனிக் குழந்தை பெறும் எண்ணமும் இருந்தால், மருத்துவரோடு பேசி நெருக்கமான கண்காணிப்பில் இருக்கலாம்; உங்கள் வயதில் சின் 2 பின்வாங்குவது அரிதல்ல. சின் 3 என்றால் சிகிச்சைதான். அதைச் சிகிச்சையின்றி விட்டால் 30 ஆண்டுகளில் ஏறக்குறைய பத்தில் மூவருக்குப் புற்றுநோயாகிறது என்பதை, நியூசிலாந்தில் ஒரு காலத்தில் சிகிச்சை மறுக்கப்பட்ட பெண்களின் கதை நமக்குச் சொல்லியிருக்கிறது. தோழிக்கும் ஒரு வரி: அவருக்கு 25 வயது கடந்துவிட்டதென்றால், எல்சிலுக்கு ஓராண்டு காத்திருக்கச் சொன்னது எதை வைத்து என்று கேட்கச் சொல்லுங்கள்; எச்பிவி முடிவும் பழைய ரிப்போர்ட்டுகளும் இல்லாமல் அப்படிச் சொல்ல முடியாது.

வயது 46. பாப் சரியாக உள்ளது, எச்பிவி பாசிட்டிவ். 16, 18 வகைகள் இல்லை. திருமணமாகி 23 ஆண்டுகள். என் கணவரைச் சந்தேகிக்க வேண்டுமா?

இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வருகிறது. எச்பிவி பல ஆண்டுகள் ஓசையின்றிப் பதுங்கியிருந்து, நடு வயதில் மறுபடி பரிசோதனையில் தலைகாட்டக்கூடியது. யாரிடமிருந்து, எந்த ஆண்டில் வந்தது என்பதை இந்தப் பரிசோதனையால் சொல்ல இயலாது. அதைச் சாட்சியாக்கி வீட்டில் வழக்கு நடத்தாதீர்கள். ஓராண்டு கழித்துத் திரும்ப எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதால் பயமும் செலவும் தவிர வேறொன்றும் கூடப்போவதில்லை. ஓராண்டுக்குப் பிறகும் பாசிட்டிவ் என்றால் கால்போஸ்கோபி. நிலைத்து நிற்கும் தொற்றுக்குத்தான் நான் அஞ்சுவேன், வந்துபோகும் தொற்றுக்கு அல்ல. 16 அல்லது 18 வகையாக இருந்திருந்தால், பாப் சரியாக இருந்தாலும் நேரே கால்போஸ்கோபிக்கு அனுப்பியிருப்பேன்; கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு அவ்விரண்டும்தான் காரணம்.

வயது 39. இரண்டு குழந்தைகள். வெள்ளைப்படுதலுக்காகப் போனபோது கருப்பை வாயில் புண் இருக்கிறது என்றார்கள். பாப் ரிப்போர்ட்டில் அழற்சி என்றும் எல்சில் என்றும் இருந்தது. 'குழந்தை பெற்று முடித்தாயிற்று, இனிக் கருப்பை எதற்கு' என்று சொல்லி அறுவைச் சிகிச்சைக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள். கால்போஸ்கோபி எதுவும் செய்யவில்லை.

அந்தத் தேதியை ரத்து செய்யுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

'புண்' என்ற இந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் பகை உண்டு. கருப்பை வாயின் உட்குழாயில் இருக்கும் மெல்லிய, சிவந்த உட்படலம் சில பெண்களுக்கு வெளிப்புறமாகப் பிதுங்கித் தெரியும். இளம் வயதில், கர்ப்ப காலத்தில், கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளும்போது அது இன்னும் அதிகமாகத் தெரியும். மேலே ஒற்றை அடுக்குச் செல்களே இருப்பதால் அடியிலுள்ள ரத்த நாளங்களின் நிறம் அப்படியே தோன்றுகிறது. உதட்டின் உட்புறம் சிவந்திருப்பதை யாரும் புண் என்பதில்லை அல்லவா? யாரோ ஒரு காலத்தில் அதற்கு அரித்துப்போனது என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள், நாம் அதைப் புண் என்று தமிழாக்கினோம். ஆறாத புண் புற்றாகும் என்று நம் வீடுகளில் நம்புகிறார்கள் என்பதால், அந்த ஒரு சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பெண்கள் கையெழுத்திடத் தயாராகிவிடுகிறார்கள். அழற்சி என்ற சொல்லும் அப்படித்தான். வெள்ளைப்படுதலுக்குக் காரணமான கிருமி இருந்தால் அதற்கு மருந்து உண்டு; கருப்பையை எடுப்பது அதற்கு வைத்தியம் அல்ல.

இனி எல்சில். உங்கள் வயதில் அதற்குச் செய்ய வேண்டியது கால்போஸ்கோபி. கருப்பை வாயில் அசெட்டிக் அமிலக் கரைசலைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறுபட்ட இடம் மட்டும் மெல்ல வெளுக்கும். வெண்மை பனி படர்ந்தது போல மங்கலாக இருந்து, விளிம்பு கலைந்திருந்தால் பெரும்பாலும் லேசான மாற்றம். சுண்ணாம்பு பூசியது போல அடர்ந்து, விளிம்பு வெட்டினாற்போல் நின்று, உள்ளே ரத்த நாளங்கள் தரையோட்டுக் கோலம் காட்டினால் முற்றிய மாற்றம். திசு எடுத்து சின் 1 என்று வந்தால் சிகிச்சையே வேண்டாம், ஓராண்டு கழித்துப் பார்த்தால் போதும். சின் 3 வந்தால்கூட மாறுபட்ட பகுதியை லீப் முறையில் எடுத்தால் பெரும்பாலோருக்குப் போதும்.

கால்போஸ்கோபி இல்லாமல் கருப்பையை எடுப்பதில் தேவையற்ற அறுவை என்பதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் 41 வயதுப் பெண்மணி ஒருவர் பிளாஸ்டிக் உறையில் இரண்டு தாள்களுடன் என்னிடம் வந்தார். ஒன்று, வேறோர் இடத்தில் கருப்பை எடுத்து வீடு திரும்பிய சீட்டு. மற்றொன்று, பதினெட்டு நாள் கழித்து வந்த திசு ரிப்போர்ட். அதில் புற்றுநோய் ஆழமாக ஊடுருவியிருப்பதாக எழுதியிருந்தது. முன்பே தெரிந்திருந்தால் பக்கத் திசுக்களையும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்கும் அறுவையோ, நேரடியாகக் கதிர்வீச்சோ திட்டமிட்டிருக்கலாம். தெரியாமல் எளிய அறுவை செய்ததால், அது ஆறுவதற்குள் கதிர்வீச்சுக்குப் போக வேண்டியதாயிற்று. அவரிடமும் 'எடுத்துவிட்டால் நிம்மதி' என்றுதான் சொல்லியிருந்தார்கள். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: முற்றிய மாற்றத்துக்காகக் கருப்பையை எடுத்தாலும் வைரஸ் யோனிச் சுவரில் தங்கி அங்கே மாற்றத்தை உண்டாக்கக்கூடும் என்பதால், கண்காணிப்பு அத்துடன் முடிவதில்லை. திசுப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்காமல் எந்த வயதிலும் கருப்பையைக் கொடுக்காதீர்கள்.

வயது 29, ஐந்து மாதக் கர்ப்பம். எச்-சில் வந்துள்ளது. குழந்தைக்கு ஆபத்தா? சிசேரியன்தானா?

குழந்தைக்கு ஆபத்தில்லை, சிசேரியனும் இதற்காக வேண்டாம். கால்போஸ்கோபியை இப்போதே, அனுபவமுள்ளவரிடம் செய்துகொள்ளுங்கள். கர்ப்பத்தில் கருப்பை வாய் இயல்பாகவே வேறுவிதமாகத் தோன்றும். முற்றிய மாற்றம் என்று சந்தேகம் இருந்தால் சிறு திசு எடுக்கலாம், உட்குழாயைச் சுரண்டக் கூடாது. ஊடுருவிய புற்றுநோய் இல்லையென்றால் சிகிச்சை பிரசவத்துக்குப் பிறகுதான். பிரசவமாகி ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். குழந்தை பிறந்த அலைச்சலில் அந்த நாளைத் தவறவிடுபவர்களே அதிகம். இப்போதே நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

வயது 36. ரிப்போர்ட்டில் திருப்திகரமாக இல்லை என்று உள்ளது.

திருப்தி தராதது எடுத்த செல் மாதிரிதான், உங்கள் கருப்பை வாய் அல்ல. இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் மறுபடி கொடுங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்து யோனியில் களிம்பு, மாத்திரை, கழுவுதல் எதுவும் கூடாது. மாதவிலக்கு நாட்களிலும் வேண்டாம்.

வயது 61. மாதவிலக்கு நின்று பதினோரு ஆண்டுகள். இதுவரை எல்லாம் சரியாக இருந்து, இப்போது ஏஸ்கஸ் என்று வந்துள்ளது. வறட்சியும் எரிச்சலும் உண்டு.

அம்மா, எரிச்சலைப் பற்றி எழுதியது நல்லதாயிற்று. விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் கருப்பை வாயின் மேலடுக்குகள் மெலிந்து, அடியடுக்குச் செல்களே ஸ்மியரில் வருகின்றன. அவற்றின் உட்கரு செல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரிதாகவே தெரியும் என்பதால், பார்ப்பவருக்கு ஐயம் வருவது இயல்பு. எச்பிவி பரிசோதனை செய்யுங்கள். நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் கதை முடிந்தது. பாசிட்டிவ் என்றால் கால்போஸ்கோபி. எச்பிவி பரிசோதனைக்கு வழியில்லாவிட்டால், யோனியில் இடும் ஈஸ்ட்ரோஜன் களிம்பைச் சில வாரங்கள் பயன்படுத்தி, சில நாட்கள் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் படம் தெளிவாக இருக்கும். மார்பகப் புற்றுநோய் இருந்தவரானால் அந்த மருத்துவரைக் கேட்காமல் களிம்பைத் தொடாதீர்கள்.

மாதவிலக்கு நின்றபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும், பாப் சரியாக இருக்கிறது என்று வீட்டில் உட்காரக் கூடாது என்பதை இப்பகுதியில் எத்தனை முறை எழுதினேன் என்று நினைவில்லை. இன்னொரு முறையும் எழுதுகிறேன். பாப் அறிகுறி இல்லாதவர்களுக்கான சல்லடை. ரத்தப்போக்கு உள்ளவருக்கு அது விடை ஆகாது.

வயது 52. ஏஜிசி என்று வந்தது. எச்பிவி நெகட்டிவ் என்பதால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள்.

இதில் எனக்கு உடன்பாடில்லை. ஏஜிசி என்பது சுரப்பிச் செல்களில் காணும் மாற்றம். அச்செல்கள் கருப்பை வாயின் உட்குழாயிலிருந்தும் வரலாம், மேலே கருப்பையின் உட்சுவரிலிருந்தும் வரலாம். உட்சுவர்ப் புற்றுநோய்க்கும் எச்பிவிக்கும் தொடர்பில்லை. எனவே எச்பிவி நெகட்டிவ் உங்களுக்கு முழு ஆறுதல் தராது. கால்போஸ்கோபி, உட்குழாயைச் சுரண்டி எடுக்கும் மாதிரி, கருப்பை உட்சுவர்த் திசு ஆகிய மூன்றும் இப்போதே வேண்டும். 35 வயதைக் கடந்த எவருக்கும் இதுதான் முறை. மறுபடி பாப் மட்டும் எடுப்பது நாளைக் கடத்துவதாகும்.

மகளுக்கு 19 வயது, எச்பிவி தடுப்பூசி போட்டாயிற்று. பாப் எடுக்க வேண்டுமா?

இப்போது வேண்டாம். ஆனால் தடுப்பூசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை; உரிய வயது வந்ததும் மற்றவர்களைப் போல அவரும் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

வயது 67. 65-க்கு மேல் தேவையில்லை என்று படித்தேன். நான் வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்துகொண்டதில்லை. இனி எதற்கு?

நீங்கள் பாதியை மட்டும் படித்திருக்கிறீர்கள். கடந்த பத்து ஆண்டுகளில் மூன்று பாப்களோ இரண்டு எச்பிவி பரிசோதனைகளோ தொடர்ந்து சரியாக வந்து, கடைசி முடிவு ஐந்து ஆண்டுகளுக்குள் இருந்தால்தான் 65-இல் நிறுத்தலாம். ஒருமுறைகூடச் செய்யாதவருக்கு அந்தச் சலுகை இல்லை. எச்பிவி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்கள் வயதில் செல் மாறும் வளையம் (மாற்றங்கள் பெரும்பாலும் தொடங்கும் இடம்) உட்குழாய்க்குள் ஏறிவிடுவதால், பாசிட்டிவ் வந்தால் கால்போஸ்கோபியில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்பாமல் உட்குழாய் மாதிரியும் எடுக்கச் சொல்லுங்கள்.

வயது 44. சின் 3-க்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் லீப் செய்தேன். ஆறாம் மாதம் எடுத்த எச்பிவி நெகட்டிவ். அதன் பிறகு போகவில்லை. இனிக் கவலையில்லைதானே?

ஆறாம் மாத முடிவு நல்ல செய்திதான், விடுதலைப் பத்திரம் அல்ல. அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை என மூன்று முறை எச்பிவி எடுத்திருக்க வேண்டும். நீங்கள் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறீர்கள். இந்த மாதமே போங்கள். மூன்றும் நெகட்டிவாக வந்தால், பிறகு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை. சிகிச்சை செய்துகொண்ட நாளிலிருந்து குறைந்தது 25 ஆண்டுகளுக்கு இது தொடரும். லீப் செய்தபோது உங்களுக்கு 42 என்றால் கணக்கு 67-இல்தான் முடிகிறது. மேலே அந்த அம்மையார் படித்த 65 வயது விதி உங்களுக்குப் பொருந்தாது.